அழகு ஊசியும் பிரசவமும்

அழகு செய்து கொள்வதைக் குற்றமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் உதட்டையும் கன்னத்தையும் பருக்கச் செய்யும் ‘பில்லர்’ ஊசியின் வியாபாரம் திண்டுக்கல் போன்ற பட்டணங்களையும் கைப்பேசி விளம்பரங்களின் வழியே நாடி வருகிறது. கல்யாணத்துக்கு முன் போட்டுக் கொண்ட ஊசி பின்னால் பிரசவத்தில் என்ன செய்யுமென்று கேட்பாரில்லை.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. ஹயலூரானிக் அமிலம் நமது சரீரத்திலேயே உள்ள வஸ்து, நாளடைவில் கரைவது. முன்னர் அதைப் போட்டுக் கொண்டதனால் சிசுவுக்குத் தீங்கு நேருமென்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. வீண் பீதி வேண்டாம். கர்ப்பிணிகளிடம் அது பரீட்சிக்கப்படாமையால், கர்ப்ப காலத்தில் மட்டும் வைத்தியர்கள் வேண்டாமென்கின்றனர்.

கரையாத சரக்கின் கதை வேறு. 1997-ல் சீனாவுக்குள் புகுந்த பாலிஅக்ரிலமைடு கூழ் எண்ணற்ற ஸ்திரீகளின் ஸ்தனங்களில் ஏற்றப்பட்டது. 2006 ஏப்ரலில் அந்நாட்டு சர்க்கார் அதன் அனுமதியை ரத்துச் செய்தது. அனுமதி போயிற்று; கூழ் போகவில்லை. பிள்ளை பெற்றுப் பால் சுரக்கையில் ஸ்தனம் வீங்கிச் சீழ் கொண்டு, பால் கொடுக்க முடியாது தவித்த தாய்மார்களை வைத்தியப் பத்திரிகைகள் பதிந்துள்ளன. திரவ சிலிக்கோனோ போட்ட இடத்தில் நில்லாது நகரும், கட்டியாகும், சிலரிடம் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடலைப் பருக்கச் செய்ய அதை ஏற்றிக் கொள்ளலாகாதென்று அமெரிக்க மருந்து இலாகா 2017-ல் எச்சரித்தது. பிருஷ்டத்தில் ஏற்றிய சிலிக்கோன் இடுப்புவரை நகர்ந்திருந்தால், ஆபரேஷனுக்காக முதுகுத் தண்டில் மயக்க ஊசி குத்தப் போகும் டாக்டர் அதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டாமா?

எவ்வாறு அறிவார்? மாமியாருக்கும் புருஷனுக்கும் அஞ்சி மறைத்ததை, அவர்கள் பக்கத்தில் நிற்க எந்தப் பெண் சொல்வாள்? அந்நியத் துணியை ஒதுக்கக் கற்ற நாம், தோலுக்குள் ஏறும் பெயர் தெரியாத சரக்கைப் பற்றி வாய் திறக்கவும் கூசுகிறோம்!

நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் கர்ப்பிணிகள் வந்து சேரும் திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதியும் போதே, பெண்ணைத் தனியே வைத்து, “அழகுக்காக ஊசி போட்டதுண்டா? எங்கே? என்ன மருந்து?” என்று கேட்டுப் பதிந்து கொள்ளட்டும். இதற்குப் பணச் செலவில்லை. ஊசி போடுவோர் மருந்தின் பெயரெழுதிய சீட்டைக் கட்டாயம் தர வேண்டுமென்றும் சர்க்கார் உத்தரவிடட்டும். ஊர்தோறும் தொண்டு செய்யும் நமது நண்பர்கள் இவ்விரண்டையும் சட்டசபை அங்கத்தினர்களிடம் இந்த மாதமே எழுதிக் கேட்பார்களாக.