சில்லறையும் சதுரக் கோலமும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலும், பாகூர்க் கிராமங்களின் தேநீர்க் கடைகளிலும் கல்லாப் பெட்டியருகே இப்போது ஒரு சிறிய அட்டை காணப்படுகிறது. அதில் கறுப்பும் வெளுப்புமாய் ஒரு சதுரக் கோலம். வாலிபர்கள் கைப்பேசியை அதன் முன் நீட்டுகிறார்கள்; காசு கைமாறிவிடுகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீன வங்கி வெளியிட்ட தனி ரூபாய் நோட்டுகள் புழங்கிய பிரதேசம் இது. இன்று நோட்டே வேண்டியிருக்கவில்லை!

இக்கோலம் 1994-ஆம் வருஷம் ஜப்பானில், மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காகப் பிறந்தது. 2016-இல் நமது தேசத்தில் தொடங்கிய யூ.பி.ஐ. ஏற்பாடு அதைப் பணத்திற்குத் தூதாக்கிற்று. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்துப் பரிமாற்றங்கள் ஆயிரம் கோடியைத் தாண்டின.

வாலிபர்கள் இதை நாடுவது வெறும் நாகரிக மோகத்தினால் என்று பெரியோர் சிலர் கருதுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. முதற் காரணம் சில்லறைத் தொல்லை. தேநீருக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பது இயல்புதானே? மீதிக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கமும் இதனால் ஒழிகிறது. இரண்டாவது, கொடுப்பவருக்குச் செலவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வரும் தொகைக்கு 2020 முதல் கடைக்காரரிடமும் கட்டணம் பிடிப்பதில்லை. ஆகவே கீரை விற்கும் அம்மாளும் அட்டையை வைக்கலாம். மூன்றாவது, சிநேகிதர்கள். நால்வர் தத்தம் பங்கைக் கைப்பேசியில் அனுப்பும்போது ஐந்தாமவர் மட்டும் ரொக்கத்துடன் நிற்க விரும்புவாரா?

ஆனால் சௌகரியத்திற்கும் விலை உண்டு. எண்ணிக் கொடுக்கும் நோட்டைப் பிரிய மனம் சற்றே தயங்கும். கைப்பேசியில் அத்தயக்கம் இல்லை. மாதக் கடைசியில்தான் இருப்புக் குறைந்தது உறைக்கிறது. மருந்தும் அக்கைப்பேசியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செலவும் அதில் பதிந்திருப்பதால், வாரம் ஒருமுறை அக்கணக்கை வாசிப்பது நலம்.

இதனினும் பெரிய அபாயம் மோசக்காரர்கள். "உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பவன் திருடன். பணம் கொடுக்கத்தான் அந்த எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்விஷயத்தை வாலிபர்கள் தங்கள் வீட்டுப் பாட்டிமாருக்குச் சொல்லித் தர வேண்டும். கைப்பேசி இல்லாத முதியவர் ரொக்கத்துடன் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பாதிருப்பது வியாபாரிகளின் கடமை.

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. முன்னது கண்ணிலிருந்து மறைந்தாலும் பின்னது மறையலாகாது.