எட்டாவது வரைக்கும்தான் விளையாட்டா?

வைகை அணைப் பக்கத்துப் பெற்றோருக்கு, அதிலும் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு,

2025 அக்டோபரில் உங்கள் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஒரே முகம்தான். கண்ணகி நகர் கார்த்திகா. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று புரட்டிப் போட்ட இந்திய அணிக்குத் துணைத் தலைவி. பையன்களும் அதே ஈரானை 35-32 என்று மூன்றே புள்ளியில் முந்தித் தங்கம் வாங்கினார்கள். அதில் நம் வடுவூர் அபினேஷ் ஆடினான். அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. ‘நம்ம பிள்ளைங்க’ என்று எழுதிப் போட்டீர்கள். நானும் போட்டேன்.

அந்த வாரம் நம் மைதானத்தில் என்ன நடந்தது, தெரியுமா?

குறுவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்த நம் பெண்கள் கபடிக் குழுவில் பன்னிரண்டு பேர். மாவட்டப் போட்டிக்கான பயிற்சிக்கு வந்தது ஏழு பேர். ஏழு பேர் என்றால் களத்துக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். ஒருத்திக்குக் கால் பிசகினால் மாற்றி இறக்க ஆள் கிடையாது. வராத ஐந்து பேரில் ஒருத்தி சாயங்காலம் யூனிஃபார்மோடு வந்தாள். துவைத்துக் காயவைத்த நீ-கேப் இரண்டையும் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து, “அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்று தோழி கையில் கொடுத்தாள். உடனே வீட்டுக்குப் போகவும் இல்லை. சிரட்டையில் சுண்ணாம்பை அள்ளி, நடுக்கோடு முழுசையும் போட்டு முடித்துவிட்டுத்தான் போனாள். அவள் ஆடப்போகாத ஆட்டத்துக்கான கோடு அது.

காரணம் கேட்டால் பத்தாம் வகுப்பு வரப்போகிறது என்கிறோம். உள்ளே இருக்கும் காரணம் எனக்குத் தெரியும். நானும் இதே ஊரில்தான் இருக்கிறேன். பெரியவளாகிவிட்டாள். வெயிலில் கறுத்துப் போவாள். கை கால் முறிந்தால் நாளைக்கு யார் கட்டுவான்? ஷார்ட்ஸ் போட்டு நாலு பேர் முன்னால் விழுந்து புரண்டால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? என் மூத்தவளை ஒன்பதாவதில் நிறுத்தியதும் இந்தப் பயத்தில்தான். நிறுத்தியதால் அவள் கூடுதலாக ஒரு மதிப்பெண்ணும் எடுக்கவில்லை. சாயங்காலம் மைதானத்தில் கழிந்த ஒன்றரை மணி நேரம் செல்போனில் கழிந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் டிவியில் கபடி ஓடினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை; அதனால்தான் இந்தக் கடிதம்.

கண்ணகி நகர் வசதியான இடம் என்று நினைக்காதீர்கள். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கிளப்பிக்கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர் அது. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீடு, மகளைத் தினமும் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. வயசுக்கு வந்த பிறகும், பரீட்சை வருஷத்திலும் அனுப்பியிருக்கிறது. நாம் கைதட்டியது அதற்கும் சேர்த்துத்தானே?

நம் பக்கத்துக்கும் விளையாட்டு புதுசில்லை. பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி கிளப்காரர்கள் அறுபது தடவைக்கு மேல் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திவிட்டார்கள். கோடை வந்தால் கடற்படை, விமானப்படை அணிகள் எல்லாம் நம் மாவட்டத்துக்கு வந்து ஆடுகின்றன. குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். கூட்டிக்கொண்டுபோன பிள்ளை அடுத்த நாள் பந்து கேட்டால் அதட்டுகிறோம்.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் சிலர் மனசு மாறலாம். ஆனால் அதைக் காட்டி உங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு வேலை கிடைத்தால் பெரிது. மற்ற பதினொரு பேரும் ஆடட்டும் என்றுதான் கேட்கிறேன். தோற்றுவிட்டு வரும் பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவதை ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள்.

நம் அணைக்கட்டை 1959-லிருந்து பார்க்கிறோம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அதற்குப் பிறகு தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். நாம் ஏழாவதில் முதல் எச்சரிக்கை, எட்டாவதில் இரண்டாவது என்று கொடுத்து, பிள்ளை நிறைந்து வரும் ஒன்பதாவதில் ஷட்டரை இறக்குகிறோம். எந்த அணை இதைத் தாங்கும்?

ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து படிக்கட்டும், நானும் கூட உட்காருகிறேன். டியூஷன் நேரத்தை அரை மணி தள்ளி வைக்கச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்தே போய்க் கேட்கலாம். இருட்டியபின் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிவர முறை போட்டுக்கொள்ளலாம்; திங்களும் வியாழனும் என் முறை.

அந்த நீ-கேப் இரண்டும் இப்போது என் வீட்டில், அதே பையில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோடு போடுகிறார்கள். யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். வாங்க வரவேண்டாம், மகளை அனுப்பினால் போதும்.