பெயர் எழுதிய கல்

சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு செஞ்சி ராஜகிரியில் ஏறினோம். 2025ஆம் ஆண்டில் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டதிலிருந்து பிள்ளைகளுக்கு ஊர்ப் பெருமை சற்று அதிகம். நாமும் உற்சாகமாகச் சரித்திரம் சொல்லிக்கொண்டே போனோம். 1750ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1761ல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தனர். ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் இங்கே தங்கியதில்லை. ஆயினும் அப்பத்து வருஷத்தில் 1,200 பேர் மாண்டனர் என்பது பழைய நூல்களின் கணக்கு. அவ்வளவுக்கு இவ்விடம் அவர்கள் உடம்புக்கு ஒவ்வாததாயிருந்தது.

"அத்தனை பேருக்கும் கல்லறை எங்கே, ஐயா?" என்றான் ஒரு பையன். காட்டுவதற்கு நம்மிடம் ஒரு கல்லும் இல்லை.

"நாட்டைப் பிடிக்க வந்தவனுக்குக் கல் எதற்கு?" என்றான் மற்றொருவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வூர்க் கதையே அதற்கு விடை கூறுகிறது. 1714ல் தேசிங்குராஜனை வென்ற நவாபு, உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டையை அமைத்தான் என்பர். பகை போர்க்களத்தோடு முடிந்தது.

பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர் கல்லறைகள் இருக்கின்றன. பழவேற்காட்டு மயானத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மத்திய தொல்பொருள் துறை இவற்றைக் காத்து வருகிறது. இது அந்நியர் ஆதிக்கத்துக்குச் செய்யும் வணக்கமன்று. அவர்கள் வந்ததற்கும் மாண்டதற்கும் அக்கற்களே சாட்சி. சாட்சியை அழித்துவிட்டுச் சரித்திரம் பேச முடியுமா?

இன்னொன்றும் நினைக்க வேண்டும். 1942-43ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டபோது, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 நேச நாட்டு வீரர்கள் பெயர் பொறித்த கல்லின்கீழ் உறங்குகின்றனர். நம் கூலியாட்களோ பெரும்பாலும் பெயரின்றிப் புதையுண்டனர். அந்நிய மண்ணில் பெயரற்றுக் கிடப்பதன் துயரம் நமக்குத் தெரியாததா?

ஆகையால் நேயர்களே, உங்கள் ஊரில் பழைய கல்லறை ஏதேனும் இருந்தால் முதலில் எழுத்தைப் படியெடுத்துப் படம் பிடித்து வையுங்கள். திராவகம் ஊற்றித் தேய்க்க வேண்டாம். சிமெண்டு பூச வேண்டாம். இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால், அது மரமாகிக் கல்லைப் பிளக்குமுன் அதிகாரிகளுக்கு எழுதுங்கள்.

நடுகல் நட்டு வணங்கிய நாடு இது. கல்லில் எழுதிய பெயரை, அது எவன் பெயரானாலும், அழியவிடுவது நமக்கு அழகன்று.