ஒற்றை அம்பயர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உங்கள் வீட்டில் யாராவது வெள்ளைச் சட்டையைத் தேடுவதுண்டா? எங்கள் வீட்டில் உண்டு. என் கணவருக்கு அன்று கிரிக்கெட் அம்பயர் உத்தியோகம். சம்பளம் ஒரு டம்ளர் மோர். போனஸ், பையன்களின் முணுமுணுப்பு!

1956-ல் லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டு, அதனால் உருவான ஊர் எங்கள் நெய்வேலி. இங்கே பொழுதை வகுப்பது சூரியன் அல்ல, ஷிப்ட். ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர்கள் என்பது விதி. இரண்டாமவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டால், அல்லது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கினால் என்ன செய்வது? இவர் தனியாக நிற்க வேண்டியதுதான்.

சும்மா நிற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! பந்து வீசுகிறவன் கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று கீழே பார்க்க வேண்டும். மறு கணமே நிமிர்ந்து, பந்து மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என்று கவனிக்க வேண்டும். கணக்குக்கு ஆறு புளியங்கொட்டை. பந்துக்கு ஒன்றாக இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். (என் பல்லாங்குழியில் குறைந்தவை அவைதான்!)

வம்பெல்லாம் எதிர் முனையில். அது 22 கெஜம் தள்ளி இருக்கிறது. அங்கே மட்டை முதலில் கோட்டைத் தொட்டதா, ஸ்டம்ப் முதலில் விழுந்ததா என்பது பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே, மட்டை பிடிக்கும் கட்சியிலிருந்தே ஒரு பையனை ஸ்கொயர் லெக்கில் நிறுத்துவார்கள். அமெரிக்கர்களின் பேஸ்பாலிலும் இதே சங்கடந்தான். அம்பயர் ஒருவரே என்றால் அவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அவர்கள் விதியே இடம் கொடுக்கிறது. எங்கே நின்றால்தான் என்ன, ஏதாவது ஒரு மூலை மறையத்தானே செய்யும்?

ஒரு நாள் எங்கள் மூத்தவன் எறிந்த பந்து எதிர் முனை ஸ்டம்பைச் சாய்த்தது. "அவுட்!" என்று அவன் கட்சி முழுதும் கத்தியது. ஸ்கொயர் லெக் பையனோ யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பியிருந்தான். இவர், "நாட் அவுட்" என்றார். ஆட்டம் போயிற்று.

அன்று பிள்ளை சாதத்தைத் தொடவில்லை. "அவன் அவுட்டுன்னு உங்களுக்கே தெரியும், அப்பா!"

"அப்படித்தான் தோணித்து. ஆனா நான் பார்க்கலையே!" என்றார் இவர்.

எனக்கும் கோபந்தான். பெற்ற பிள்ளைக்காக ஒரு விரலைத் தூக்கினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம், தன் கட்சி ஆடும்போது அவனே போய் ஸ்கொயர் லெக்கில் நின்றான். அவனுடைய காப்டனே கோட்டுக்கு ஒரு சாண் வெளியே அகப்பட்டுக்கொண்டான். என் பிள்ளை விரலைத் தூக்கிவிட்டான்! காப்டன் அப்புறம் அவனோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தவன் தட்டின் முன் உட்கார்ந்து, "அங்கேயிருந்து பார்த்தா அப்பா ரொம்ப தூரத்திலே நிக்கறார், அம்மா" என்றான். அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முறையாகப் பெண்கள் அம்பயர்களாக நின்றார்கள். நம் தமிழ்நாட்டு ஜனனி நாராயணனும் அவர்களில் ஒருவர். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. "இவன்தான் முதல்லே அடிச்சான்" என்று இரண்டு குழந்தைகள் வந்து நிற்கும்போது நாமும் ஒற்றை அம்பயர்தானே? அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனாலும் பெரியவனுக்கு ஓர் அடி வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இனிமேல், "நான் பார்க்கலை" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது!