பூதத்துக்கு எதுக்கு நீதி?

பத்து வயசுப் பிள்ளை கையில் ஒரு கதைப்புத்தகத்தைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘இதுல என்ன நீதி?’ நாற்பது வயதுக்காரர் ஒரு நாவல் வாங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. இலக்கியத்தில் நீதி தேடுவது ரசனைக்குறைவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட, தங்கள் வீட்டுப் பிள்ளை என்று வரும்போது மரியாதைராமன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். என் சண்டை இவர்களோடுதான். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சிரிப்புப் பூதக் கதைகளும், எழுதி வரைந்து கிறுக்கி விளையாடுகிற புத்தகங்களும் தமிழில் நிறைய வேண்டும். கடைசிப் பக்கத்து நீதி இல்லாமல் வேண்டும்.

ஏன் பூதம்? அந்த வயதில் பயம் போவதில்லை, பயத்தைச் சொல்ல வெட்கம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்குன்னு ஐந்து வயதில் அழலாம். பத்து வயதில் அழுதால் தம்பிகூடச் சிரிப்பான். கட்டிலடிப் பூதத்துக்கே இருட்டுன்னா பயம், பல்வலி வேற என்று ஒரு கதை வந்தால், பிள்ளை யாருக்கும் தெரியாமல் தன் பயத்தைத் தானே கேலி செய்துகொள்கிறது. ‘பயப்படாதே’ என்று சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கா?

பெரியவர்களின் இந்தப் பதற்றம் நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963இல் வந்தது. சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட பையன் பூதங்களுக்கே ராஜாவாகிற கதை. குழந்தை உளவியலில் பெரும் பெயரெடுத்திருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அதைக் கண்டித்தார். புத்தகத்தைப் படிக்காமலேயே! அந்தப் பூதங்கள் வேறு யாருமில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய சொந்தக்காரர்கள்தான் என்று செண்டாக் பிற்பாடு சொன்னார். கன்னம் கிள்ளும் பெரியப்பா இல்லாத குடும்பம் நம்மிடம் உண்டா?

டேவ் பில்கி கதை இன்னும் சுவாரசியம். வகுப்பில் உட்கார முடியாத பையன், எழுத்துகளைப் படிக்கத் திணறுகிறவன். ஆசிரியர்கள் அடிக்கடி வராந்தாவுக்கு அனுப்ப, அங்கே உட்கார்ந்து வரைந்தவன்தான் ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’. உள்ளாடையும் போர்வைத் துணியுமாக ஓடும் தலைமையாசிரியர், பேசுகிற கழிப்பறைப் பீங்கான்கள், நடுவே தாளை வேகமாகப் புரட்டினால் அசையும் சண்டைப் படங்கள். 1997இல் தொடங்கிய இந்த வரிசை, அமெரிக்க நூலகச் சங்கத்தின் ‘அதிக எதிர்ப்புக்குள்ளான புத்தகங்கள்’ பட்டியலில் 2012, 2013 இரண்டு ஆண்டும் முதலிடம். வராந்தாவுக்குத் துரத்தப்பட்ட பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகத்தையும் வராந்தாவுக்கே துரத்தப் பார்த்தார்கள்.

‘இதெல்லாம் நம்ம மரபா?’ என்று கேட்பவர்கள் கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பார்க்கட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார், ஒட்டிய வயிற்றோடு பசியில் அலையும் பேய்களைப் போர்க்களத்தில் கூழ் காய்ச்சவிட்டுப் பந்தி வைக்கிறார். குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி. அது பிள்ளைகளுக்கான நூல் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேயை வைத்துச் சிரிக்கத் தமிழனுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, விளையாட்டுப் புத்தகத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி நூலகத்தில் புதிர்ப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ‘பசங்க எழுதி வச்சிடுறாங்க சார்.’ எழுதத்தானே அது? நகலெடுத்துக் கொடுக்கலாம், மேலே மெல்லிய தாள் வைத்து வரையச் சொல்லலாம். பூட்டு எதற்கு? இன்னொரு பக்கம், விளையாட்டு என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பாதி வீட்டுப்பாடம். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டு, புள்ளியை இணைத்து யானை வரை, விடை கடைசிப் பக்கத்தில். நான் கேட்பது வேறு: ‘இந்தப் பூதத்தோட டிபன் பாக்ஸ்ல என்ன இருக்கு, வரைஞ்சு காட்டு’, ‘பூதம் லீவ் லெட்டர் எழுதுது, நீ முடிச்சுக் குடு.’ இதற்குச் சரியான விடை கிடையாது. மதிப்பெண் போட முடியாத தாளைப் பார்த்தால் பெரியவர்களுக்குக் கை நடுங்குகிறது, பிள்ளைகளுக்கு இல்லை.

மொழி இன்னொரு வியாதி. நம் பிள்ளைப் புத்தகங்களில் பூதம் வாயைத் திறந்தால் வானொலிச் செய்தி வாசிக்கிறது. ‘ஐயகோ, என் செய்வேன்!’ எந்தப் பூதம்யா இப்படிப் பேசும்? பூதம் கொட்டாவி விடணும், ஏப்பம் விடணும், ‘போடா டேய்’னு சொல்லணும். பேச்சுத்தமிழை உள்ளே விடாமல் சிரிப்பை மட்டும் உள்ளே விட முடியாது.

இதை வெறும் ரசனைப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். காசிருக்கிற வீட்டுப் பிள்ளை அந்தச் சிரிப்பை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்துவிடுகிறது. தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது ஒழுக்கமும் தேசத்தலைவர்களும். ஒருத்தருக்குக் கொண்டாட்டம், இன்னொருத்தருக்கு உபதேசம். இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதுக்கு மேல் யாரும் தமிழ் வாசிப்பதில்லை என்று புத்தகக் கண்காட்சி மேடையில் அழுவது அபத்தம்.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் கோணல்மாணலாக வரையுங்கள். பதிப்பாளர்களே, கடைசிப் பக்கத்தை நீதிக்கு ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள். அதில் பிள்ளை தன் பூதத்தை வரைந்துகொள்ளும்.