பழம் வேண்டும், பறிப்பவன் வேண்டாமா?

ஐக்கிய அமெரிக்காவின் பயிர்ச்செய்கையில் கூலிக்கு உழைப்போருள் பத்துக்கு ஏறக்குறைய நால்வர் குடியேற்ற அனுமதி இல்லாதவர்கள். இதனை அந்நாட்டு அரசாங்கத்தின் கணக்கெடுப்பே கூறுகின்றது. அவர்கள் பறித்த பழத்தை உண்டுகொண்டே அவர்களைக் குற்றவாளிகள் என்று வேட்டையாடுகின்றனர் ஆட்சியாளர். சட்டத்தை நிலைநாட்டுவதே தமது நோக்கம் என்கின்றனர். நாம் அதனை நம்பவில்லை.

சரித்திரத்தைப் பார்ப்போம். 1942 முதல் 1964 வரை மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தது அதே அரசுதான். 1954இல் அனுமதியற்றோரைப் பெருந்தொகையாகப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளியபோதும் ஒப்பந்தக் கூலிகளின் வரவு நிற்கவில்லை. மெக்சிக்கோத் தொழிலாளியை அவர்கள் வெறுக்கவில்லை. கட்டுக்குள் அடங்காத தொழிலாளியையே வெறுத்தனர்.

2011இல் ஜோர்ஜியா மாநிலம் கடுமையான குடியேற்றச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. அஞ்சிய தொழிலாளர் அங்கே வர மறுத்தனர். 11,000 வேலைகளுக்கு ஆளில்லை என்று மாநில விவசாயத் திணைக்களம் கணக்கிட்டது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்றார் ஆளுநர். வந்தவர்களிற் பலர் வெயிலைத் தாங்காது திரும்பினர். விளைச்சலின் ஒரு பகுதி வயலிலேயே அழுகிற்று.

2025 யூனில் கலிபோர்ணியாவின் ஒக்ஸ்நாட் பகுதி வயல்களுக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தனர். அச்சத்தால் தொழிலாளர் பலர் வேலைக்கு வரவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில், ஆள் கிடையாமையால் உணவு உற்பத்தியும் விலையும் நிலைகுலையும் அபாயம் உண்டென்று அந்நாட்டுத் தொழில் திணைக்களமே ஒப்புக்கொண்டது. அது கண்ட பரிகாரம் யாது? தற்காலிக விசாவில் வரும் விவசாயத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை வெட்டியதே! அவ்விசாவோ தொழிலாளியை ஒரே முதலாளியோடு பிணைப்பது. ஆள் குறைந்தால் கூலி உயரும் என்று பாடநூல் நமது மாணவருக்குக் கற்பிக்கின்றது. இங்கோ ஆளும் குறைந்தது, கூலியும் குறைந்தது.

உள்நாட்டுத் தொழிலாளியைக் காக்கவே இவையெல்லாம் என்போருக்கு ஒன்று கூறுவோம்: வாய்திறக்க அஞ்சும் ஒருவன் அருகில் நிற்கும்வரை எந்தத் தொழிலாளியின் கூலியும் உயராது.

எமக்கு இக்கதை புதிதன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. "கள்ளத்தோணி" என்று அவர்களை ஏசினர். ஆயினும் தேயிலை ஏற்றுமதி ஒருநாளும் வேண்டாததாகவில்லை. கொழுந்து நாட்டின் செல்வமாயிற்று. கிள்ளிய கை அந்நியமாயிற்று. ஒக்ஸ்நாட் வயலில் குனிந்து நிற்பவனை எமது உறவினன் என்று நாம் சொல்வது இதனாலேயே. அவனுக்கு வேண்டியது இரக்கமன்று. குடியுரிமையும், அச்சமின்றிச் சங்கம் அமைக்கும் உரிமையுமே.