படுத்தால் வரும் இருமல்

மார்கழி விடியலில் எங்கள் குத்தாலம் சொன்னவாறறிவார் கோயிலில் திருவெம்பாவை பாடும் சிலரில் அடியேனும் ஒருவன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் வாய்த்த பேறு அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு தடை வந்தது. இரண்டாம் பாட்டு முடிவதற்குள் தொண்டையில் ஏதோ வழுக்கி இறங்கும், கனைப்பேன், அதன்பின் இருமல் நிற்காது. அருகில் நின்ற அன்பர்கள் முகம் சுளிக்கவில்லை, எனக்குத்தான் கூச்சம். நான்கே நாள்களில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இரவில் இன்னும் தொல்லை. உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை; தலையணையில் தலை சாய்த்ததும் தொடங்கிவிடும். நெஞ்சுச் சளி என்று நானே முடிவு கட்டி, மருந்துக்கடையில் ஓர் இருமல் சிரப் வாங்கிக் குடித்தேன். இருமல் அடங்கவில்லை, நள்ளிரவில் எழுந்தபோது தள்ளாடி நிலைப்படியில் கால் இடறியதுதான் மிச்சம். கதவைப் பற்றிக்கொண்டதால் இடுப்பெலும்பு தப்பியது. இருமல் சிரப்புகள் பலவற்றில் குளோர்பெனிரமைன் போன்ற தூக்கம் தரும் மருந்து உண்டு. அது முதியவர்களைத் தடுமாறச் செய்யும். புராஸ்டேட் வீக்கமுள்ள ஆண்களுக்குச் சிறுநீரையும் அடைக்கக்கூடும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, "நெஞ்சில் குற்றமில்லை ஐயா, மூக்கிலிருந்துதான் இறங்குகிறது" என்றார். மூக்கும் அதைச் சூழ்ந்த அறைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் சுரக்கின்றன; நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். ஒவ்வாமையாலோ தடுமத்தாலோ அது மிகுந்தால், அல்லது கெட்டியானால், படுக்கும்போது தொண்டைக்குள் வழிந்து இருமலைத் தூண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் நீர்க்கோவை என்று சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஆகவே கழுவ வேண்டியது மூக்கை.

கொதித்து ஆறிய நீர் கால் லிட்டர், அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. ஜலநேதிக்கான சிறு கெண்டியில் இதை இளஞ்சூடாக எடுத்துக்கொண்டு, முன்புறம் குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேலிருக்கும் நாசியில் ஊற்றினால் கீழ் நாசி வழியே வெளியேறும். முதல் நாள் எனக்குப் புரையேறியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. சுந்தரர் நீராடி உடற்பிணி நீங்கப்பெற்ற திருத்துருத்தி எங்கள் ஊர்தான், காவிரியும் புனிதமே. ஆனால் மூக்கில் ஏற்றுவதற்குக் காய்ச்சிய நீர் மட்டுமே ஆகும். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரை அப்படியே மூக்கில் ஊற்றிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனார்கள்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு ஆளுக்கொரு செங்கல் வைத்தேன். இரவு உணவை ஏழரை மணிக்கே முடித்துக்கொண்டேன். கண்டந்திப்பிலி ரசமும், படுக்கும்முன் ஒரு கரண்டி தேனும் தொண்டைக்கு இதம். சர்க்கரை நோயாளிகள் தேனைத் தவிர்க்கலாம். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பது மூக்கைத் திறக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைத்துக்கொண்டு போர்வை மூடுவது வெந்துபோவதற்கு வழி. மேசைமேல் அசையாமல் வைத்து, சற்று ஆறவிட்டுப் பிடியுங்கள். அதிமதுரத்தை நாள்தோறும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குவோர் அதை விட்டுவிடுவதே நலம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். மூடிய பூஜை அறையில் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் என் மூக்குக்குப் பகையாக இருந்தன. இதைச் சொன்னதும் என் மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு, வெள்ளிக்கிழமை மட்டும் முற்றத்தில் சாம்பிராணி, மற்ற நாள் நல்லெண்ணெய் விளக்கு என்று உடன்பாடு ஏற்பட்டது.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அதனாலேயே வறட்டு இருமல் வருவதுண்டு; தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கான இந்தச் சோதனைக்கு அங்கே கட்டணமில்லை. சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போய்விடுங்கள்.

எனக்கு முழுதாக அடங்க ஒன்றரை மாதம் ஆயிற்று; அதற்குள் மார்கழி போய்த் தை பாதி கடந்துவிட்டது. மறு ஆண்டு முதல் நாளிலிருந்தே இருபது பாட்டும் பாடினேன். மப்ளர் சுற்றாமல் வாசலைத் தாண்ட மட்டும் மனைவி இன்றும் விடுவதில்லை.